விண்ணப்பம் 14

தக்கலை,
2 செப்டம்பர் 2024

கர்த்தருக்குள் பிரியமான ஷெர்லிக்கு,

பெமிலா அக்கா எழுதுவது. பேனா பிடித்துக் கடிதம் எழுதி எத்தனையோ வருஷம் ஆகிறது. உன் போனுக்குப் பதினெட்டுத் தடவை அடித்தேன். அணைத்து வைத்திருப்பதாகவே சொல்கிறது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் உன் வீட்டில் பூட்டு தொங்குகிறது. கொடியில் ஜெனிஷாவின் யூனிபார்ம் அப்படியே கிடக்கிறது. தெருவில் எல்லா வீட்டிலும் விசாரித்தேன், யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. கடைசியாகத்தான் பின்வீட்டு ஜமீலா பீவி நினைவுக்கு வந்தார். ஆறு வருஷமாக எங்கள் இருவருக்கும் பின்மதில் ஒன்றுதான். அந்த ஆறு வருஷத்தில் பத்து வாக்கியம் பேசியிருப்போமா என்பது சந்தேகம். மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டுக் கேட்டேன். "எனக்கொண்ணும் தெரியாது" என்றார். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எழுதித் தாருங்க. போய்ச் சேந்தா சேரட்டு" என்றார். அதனால்தான் இந்தக் கடிதம்.

எனக்கு வருத்தம்தான், மறைக்கவில்லை. நான் ஓய்வில்லாதவள் என்பது உனக்குத் தெரியும். பள்ளிக்கூடம், ஞாயிறு பள்ளி, பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர் வேலை, செவ்வாய்க்கிழமை வீட்டு ஜெபம், எல்லாவற்றுக்கும் நடுவிலும் உன் வீட்டுக்கு வந்துகொண்டுதானே இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

வருத்தத்தை விடு. இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது. நேற்று ஆராதனை முடிந்து வந்து காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் ஒருவர். வெள்ளைச் சட்டை, கையில் ஜிப் வைத்த வேதாகமம்.

"ஸ்தோத்திரம் சிஸ்டர். நான் ஜான்ரோஸ். ஷெர்லிக்க வீட்டுக்காரர். நீங்க எங்க குடும்பத்துக்காவ ஜெபிக்கியதுக்கு நன்றி சொல்லியிட்டுப் போலாம்னு வந்தேன்."

உட்காரச் சொன்னேன். வந்தவரை வேறு என்ன செய்வது? தண்ணீர் குடித்தார். ஜெனிஷா எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டார். தெரியாது என்றேன். "அஞ்சாம் கிளாஸ்தானே" என்று சிரித்தார். சத்தமே உயராத பேச்சு. அவர் போன பிறகு முன்கதவையும் பின்கதவையும் தாழிட்டேன். காப்பி ஆறியே போயிற்று.

நான் ஜெபிப்பது அவருக்கு எப்படித் தெரிந்தது? ஜூலையில் உன் அடுக்களையில் நீ சொன்னதை ஆண்டவரிடம் சொன்னதைத் தவிர வேறு யாரிடமும் நான் சொல்லவில்லை. என் பிள்ளைமேல் ஆணையாகச் சொல்கிறேன். நீ எங்கே இருக்கிறாய்?

அன்புடன்,
பெமிலா அக்கா

*

9 செப்டம்பர்

பெமிலா அக்கா,

ஊர்ப்பெயர் எழுத மாட்டேன். கேட்கவும் வேண்டாம்.

ஆண்டவரிடம் மட்டும் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். கூட வைத்திருக்கும் தாளைப் பாருங்கள். உங்கள் சபையின் செப்டம்பர் மாத ஜெபக் குறிப்பு. வெள்ளிக்கிழமை காலையில் உங்கள் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் என் வீட்டு கேட்டில் சொருகிவிட்டுப் போனது. அடுப்பில் பால் வைத்துவிட்டுச் சும்மா புரட்டினேன்.

"விண்ணப்பம் 14. எங்கள் அயலகத்தார் சகோதரி ஷெர்லி, மகள் ஜெனிஷா (5ஆம் வகுப்பு). மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து கணவரின் கொடுமைக்குத் தப்பி வந்து, நம்முடைய பள்ளித்தெருவில் வாடகை வீட்டில் தங்கியிருக்கிறார்கள். கர்த்தர் இவர்களைத் தம் செட்டைகளின் கீழ் மறைத்துக் காக்கும்படி. சகோதரி பெமிலா."

மறைத்துக் காக்கும்படி என்று அச்சடித்திருக்கிறீர்கள். பெயரும் தெருவும் வகுப்பும் போட்டு. எத்தனை பிரதி அக்கா? வாட்ஸ்அப்பிலும் போட்டீர்கள்தானே?

பால் பொங்கி அடுப்பு அணைந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு உடுத்த துணியோடு கிளம்பினேன்.

மூன்று தடவை கேட்டீர்கள், ஷெர்லி நீ ஏன் ஆலயத்துக்கு வருவதில்லை என்று. இதனால்தான். அவர் எங்கள் சபையில் பாடகர் குழுத் தலைவர். (இன்னும் 'அவர்' என்றுதான் கை எழுதுகிறது.) தக்கலையில் ஒரு ஆலயத்தில் என் தலை தெரிந்தால் மார்த்தாண்டத்தில் அன்றைக்கே தெரிந்துவிடும். நம் ஆட்களின் செய்தி பஸ்ஸுக்கு முன்னால் போய்ச் சேரும். ஒன்பது மாதம் பாட்டுச் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருந்தேன்.

உங்களிடம் சொன்னதையே ஜனவரியில் ஜமீலாக்காவிடமும் சொன்னேன். என் வீட்டுக்காரர் பெயர் என்ன என்றுகூட அவர் கேட்கவில்லை. தன் வீட்டுப் பின்கதவின் கொண்டியை எப்படி வெளியிலிருந்து தூக்குவது என்று காட்டினார். அவ்வளவுதான்.

உங்களைத் திட்ட வேண்டும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். இங்கே காலையில் ஒரு சத்தம் கேட்கிறது, அதைக் கேட்டு ஜெனிஷா... வேண்டாம், எழுதவில்லை. பாருங்கள், ஒரு சத்தத்தைப் பற்றி எழுதக்கூடப் பயமாக இருக்கிறது.

அவர் திரும்ப வருவார். தண்ணீர் கொடுக்காதீர்கள்.

ஷெர்லி

*

தக்கலை,
15 செப்டம்பர் 2024

ஷெர்லி,

அந்தத் தாளை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். முந்நூற்றைம்பது பிரதி. வாட்ஸ்அப் குழுவில் இருநூறு பேர். ஜில்லா பெண்கள் கூடுகைக்கு ஒரு கட்டு அனுப்பினோம், அது மார்த்தாண்டம் வரை போயிருக்கிறது. தொகுத்தவள் நான். பிழை திருத்தியவள் நான். 'செட்டை'க்கு ஒற்று விட்டுப்போனதைக்கூட நான்தான் திருத்தினேன்.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன். அதனால் குறையப் போவது ஒன்றுமில்லை, ஆனாலும் உனக்குத் தெரிய வேண்டும். ஜூன் மாதம் போதகர் ஒரு அட்டை கொடுத்தார். அயலகத்தார் அட்டை. ஓய்வில்லாமல் ஆலயத்துக்கும் வீட்டுக்கும் ஓடுகிற நாம் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார் என்று அறியாமல் இருக்கிறோம், இந்த வருஷம் ஒரு அயலகத்தாரோடு சிநேகமாகுங்கள் என்றார். அட்டையில் ஒரு பெயர், மூன்று கட்டம். சந்தித்தேன், சேர்ந்து உண்டேன், ஜெபித்தேன். நான் உன் பெயரை எழுதினேன். உனக்குப் போன கிறிஸ்துமஸில் அந்தச் சிவப்பு நட்சத்திரத்தை கேட்டருகில் நின்றே கொடுத்துவிட்டு ஓடியதை 'சந்தித்தேன்' என்று கணக்கில் வைத்தேன். ஜூலையில் நீ போட்ட கட்டன்சாயாவும் அவித்த மரச்சீனிக்கிழங்கும் இரண்டாவது கட்டம். நீ அழுதாய். அலமாரிக் கதவில் உன் விரலை வைத்து மெதுவாக, பாட்டை முணுமுணுத்துக்கொண்டே அடைத்ததைச் சொன்னாய். எனக்கும் அழுகை வந்தது, அது பொய்யில்லை. ஆனால் நான்கு மணிக்குப் பாடகர் பயிற்சி இருந்தது. நடந்துகொண்டே ஒரு துண்டுச்சீட்டில் எழுதினேன். மூன்றாவது கட்டமும் முடிந்தது.

ஜெபச் சீட்டில் எழுதுவதை 'சொல்வது' என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை ஷெர்லி. பிறந்ததிலிருந்து அப்படித்தான் பழக்கம். யார் வீட்டில் என்ன வியாதி, யாருக்குக் கல்யாணம் தட்டுகிறது, எல்லாம் ஜெபக் குறிப்பில்தான் தெரிந்துகொள்வோம். மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாயில்லை.

இனி வேறு ஒன்று. உட்கார்ந்து படி.

அவர் வந்தார். போதகரையும் கமிட்டியில் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் சபையிலிருந்து நற்சாட்சிக் கடிதம், கல்யாணப் பதிவின் நகல், எல்லாம் கையில். கண் கலங்கினார். "நான் கோவக்காரன்தான் ஐயா. ஆண்டவர் என்ன மாத்தியிட்டார். அவ வார வரைக்கும் அவ இருந்த வீட்டுலயே இருந்து காத்திருக்கேன்" என்றார். கமிட்டிக்காரர்கள் மூக்கைச் சிந்தினார்கள். உன் வீட்டுச் சொந்தக்காரர் சாவி கொடுத்துவிட்டார்.

நாளை திங்கட்கிழமை அவர் உன் வீட்டில் குடிவருகிறார். என் அடுக்களை ஜன்னலுக்கும் அந்த ஜன்னலுக்கும் நடுவில் ஆறடி.

நான் போதகரிடம் தனியாகச் சொன்னேன். "டீச்சர், இரண்டு பக்கமும் கேட்காம நாம தீர்ப்பு சொல்லக் கூடாது" என்றார். நீ எங்கே இருக்கிறாய் என்று முதல் கடிதத்தில் கேட்டேன். அதை மறந்துவிடு. எனக்குத் தெரியவே வேண்டாம்.

பெமிலா

*

24 செப்டம்பர்

அக்கா,

வக்கீலம்மா கேட்கிறார்கள், விரல் ஒடிந்ததற்கு ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கிறதா என்று. இருக்கிறது. இரண்டாவது தடவை போனபோது டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன், அவர் அப்படியே எழுதிக் கொடுத்தார். அதுவும் ஜெனிஷாவின் பிறப்புச் சான்றும் ஒரு நீல ஃபைலில் இருக்கின்றன. அது இல்லாமல் கோர்ட்டில் என் வார்த்தைக்கு அவர் வார்த்தை. அவர் வார்த்தை எப்படி இருக்கும் என்று நீங்களே கேட்டுவிட்டீர்கள்.

ஃபைல் அந்த வீட்டில் இருக்கிறது. பரணில். நீங்கள் தந்த நட்சத்திரப் பெட்டிக்குள், நட்சத்திரத்துக்கு அடியில். டிசம்பர் வரை யாரும் திறக்காத பெட்டி என்று நினைத்து வைத்தேன். கிளம்பின அன்று எடுக்க மறந்தேன்.

அவர் சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். அவசரப்பட மாட்டார். ஒரு நாளைக்கு ஒரு மூலை.

அவர் பிள்ளையைக் கேட்டு மனுப் போட்டிருக்கிறாராம். "எனக்குப் பிள்ளை மட்டும் போதும், நீ எங்க வேணாலும் போ" என்று முன்பே சொல்லியிருக்கிறார். சீட்டு இல்லாவிட்டால் ஜெனிஷாவை அவரிடம் அனுப்பிவிடுவார்களோ என்று இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

உங்களிடம் கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். வேறு யாரும் இல்லை.

ஷெர்லி

*

தக்கலை,
1 அக்டோபர் 2024

ஷெர்லி,

ஒரு வாரமாக வழி தேடுகிறேன், கிடைக்கவில்லை. அவர் வேலைக்கு லீவு போட்டிருக்கிறார் போல. பகல் முழுக்க வீட்டில்தான். விடியற்காலையில் கீர்த்தனை பாடுகிறார். நல்ல குரல், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. தெருவே காது கொடுத்துக் கேட்கிறது. நம் சபைப் பாடகர் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சேமியாப் பாயசம் கொண்டுவந்தார். "நல்ல அயல்காரங்க கிடைக்கியது ஒரு பாக்கியம் சிஸ்டர்" என்றார். வாங்கி, அவர் போன பிறகு வாழைமூட்டில் கொட்டினேன். நேற்று ஐக்கியத்தில் ஒருத்தி கேட்கிறாள், "ஷெர்லி போயாச்சுல்லா டீச்சர், இனி உங்க அட்டையில ஜான்ரோஸ் பிரதர் பேரை எழுதலாமே." அப்போதே எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் டிஜோவுக்கு மஸ்கட்டுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "நீ ஒண்ணுலயும் தலையிடாதே, கதவைப் பூட்டியிட்டு இரி" என்கிறார். கதவைப் பூட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அந்த ஜன்னல் திறந்தே இருக்கிறது. நான் பாத்திரம் கழுவினால் அங்கே பாட்டு நிற்கிறது. நான் நிறுத்தினால் பாட்டு தொடங்குகிறது. இது என் பிரமையா என்று ஜமீலாக்காவிடம் கேட்டேன். தன் வீட்டு முற்றத்தில் நின்று ஒரு நாள் முழுக்கக் கவனித்துவிட்டு, "பிரமை இல்ல" என்றார்.

ஜமீலாக்காவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் தெருவில் எல்லாக் கிறிஸ்தவ வீட்டிலும் ஜான்ரோஸ் ஏறி இறங்கி உன்னைப் பற்றி விசாரித்துவிட்டார். இந்து வீடுகளிலும் இரண்டு இடத்தில் கேட்டிருக்கிறார். பின்வீட்டுப் பக்கம் மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. உனக்கும் அந்த வீட்டுக்கும் ஒரு தொடர்பு இருக்கும் என்றே அவர் புத்திக்கு எட்டவில்லை. அதை நினைத்து முதலில் ஆறுதலாக இருந்தது. அப்புறம், நானும் உன்னைத் தேடும்போது அந்த வீட்டைக் கடைசியாகத்தானே நினைத்தேன் என்று தோன்றியது. அவரும் நானும் அந்த விஷயத்தில் ஒரே மாதிரி.

பன்னிரண்டாம் தேதி அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கைப் பொருள் சேர்க்க வீடுவீடாகப் போவோம். அன்றைக்கு உன் வீட்டுக்குள் நான் நுழைய ஒரு காரணம் இருக்கும். அவ்வளவுதான் இப்போதைக்குத் தெரியும்.

பெமிலா

*

தக்கலை,
13 அக்டோபர் 2024

ஷெர்லி,

இந்தக் கடிதத்தோடு நீல ஃபைல் வரும். முதலில் அதைத் திறந்து எல்லாம் இருக்கிறதா பார். பிறகு இதைப் படி.

நேற்று நாங்கள் ஐந்து பெண்கள். பூங்கனியும் நானும் பனையோலைக் கடவத்தைப் பிடித்துக்கொண்டோம். தேங்காய், மரச்சீனி, ஒரு சேவல், இரண்டு குலை மட்டிப்பழம் என்று கடவம் நிறைந்துகொண்டே வந்தது. உன் வீட்டு வாசலில் ஏறினோம். அவர் முன்கூட்டியே ஒரு ஏத்தன் வாழைக்குலை வாங்கி வைத்திருந்தார்.

"இது போதுமா சிஸ்டர்? இந்த வீட்டுல எது வேணும்னாலும் எடுங்க. எல்லாம் ஆண்டவருக்க தானே."

எல்லாரும் நிற்கும்போதே சொன்னேன். "பரண்ல எனக்க ஸ்டார் பெட்டி ஒண்ணு இருக்கு. போன வருஷம் ஷெர்லிக்கு இரவல் தந்தது. அதை எடுத்துத் தந்தா உபகாரம்." இரவல் என்பது பொய். உனக்கென்றே வாங்கிக் கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

"ஸ்டாரா? அக்டோபர்லயா?"

அப்போது பூங்கனி, ஒன்றும் தெரியாத அந்தப் பாவம் பூங்கனி, "சண்டே ஸ்கூல் பிள்ளையளுக்க நாடகத்துக்குத்தானே டீச்சர்? இவங்க ஈஸ்டருக்கு வேண்டியத கிறிஸ்துமஸ்லயே ஒருக்குவாங்க பிரதர்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். என் ஓட்டத்தைப் பார்த்துச் சிரிப்பவர்கள்மேல் எனக்கு எப்போதும் கோபம் வரும். நேற்று அவர்கள் காலில் விழுந்திருப்பேன்.

அவர் ஸ்டூல் போட்டு ஏறினார். பெட்டியை இறக்கினார். தோளில் கிடந்த துண்டால் தூசி துடைத்தார். "கயிறு தளந்திருக்கு, கெட்டித் தாறேன்" என்று கயிற்றை உருவி மூடியைத் திறந்தார். மேலே மடங்கிய சிவப்பு நட்சத்திரம். அதன் ஒரு முனையை இரண்டு விரலால் தூக்கி விரித்தார். "கொள்ளாம், நல்ல ஸ்டார்" என்றார். அடியில் நீலம் ஒரு நூல் கனத்துக்குத் தெரிந்தது. நான் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், பெட்டியைப் பார்க்கவில்லை. மூடிக் கட்டினார்.

நான் கை நீட்டினேன். தரவில்லை. "உங்களுக்குச் சுமக்க ஒத்திரி இருக்கு. நானே வீட்டுல கொண்டு வைக்கேன்" என்று என்னோடு நடந்து வந்தார். மற்றவர்கள் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். என் சாப்பாட்டு மேசையில் பெட்டியை வைத்தார். போகவில்லை.

"ஒரு ஜெபம் செய்திட்டுப் போலாமா சிஸ்டர்?"

பெட்டியின் மேலேயே கையை ஊன்றிக் கண்ணை மூடினார். "ஆண்டவரே, மறைவானதையெல்லாம் வெளியே கொண்டு வாரும். எங்கள் பிள்ளையை மறைத்து வைத்திருக்கிற கைகளைக் காட்டித் தாரும்" என்று நிதானமாக, நல்ல தமிழில் ஜெபித்தார். நான் கண்ணை மூடவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். முடிந்ததும் பழக்கத்தில் ஆமென் சொல்லிவிட்டேன் ஷெர்லி. நாற்பத்து மூன்று வருஷப் பழக்கம், வாய் தானாகச் சொன்னது. அதற்காக நேற்று இரவு முழுக்க அழுதேன்.

அவர் கேட்டைத் தாண்டியதும் கதவைத் தாழிட்டு ஃபைலை எடுத்து, சேலைத் தலைப்பில் சுற்றி, குளிமுறிக்குப் பின்னால் வாழைமறைவில் மதில்மேல் நீட்டினேன். ஜமீலாக்கா வாங்கிக்கொண்டார். வாங்கின பிறகும் என் கையை விடவில்லை. "பேடிக்காதே மக்கா. பயத்துல கை ஐஸ் மாதிரி இருக்கே" என்றார். என்னை நீ என்று அவர் சொன்னது அப்போதுதான். அவருடைய தம்பி பக்கீர் முகம்மது இன்று காலையில் மீன் எடுக்கப் போகிற வழியில் இதைக் கொண்டுபோகிறார். எந்த வழி என்று நான் கேட்கவில்லை.

பெமிலா

*

16 அக்டோபர்

எல்லாம் இருக்கிறது.

ஷெ.

*

19 டிசம்பர்

பெமிலா அக்கா,

உத்தரவு கிடைத்துவிட்டது. அவன் என் அருகிலோ பிள்ளையின் அருகிலோ வரக் கூடாது, பள்ளிக்கூடத்துப் பக்கமும் கூடாது. பிள்ளை என்னோடுதான். டாக்டர் எழுதின அந்த ஒரு வரியைத்தான் நீதிபதியம்மா இரண்டு தடவை வாசித்தார்கள். அவன் அப்போதும் சத்தம் போடவில்லை. வெளியே வரும்போது ஜெனிஷாவைப் பார்த்துச் சிரித்தான். அவள் என் சேலையைப் பிடித்த பிடியில் மடிப்பு கிழிந்துவிட்டது.

எப்போதோ 'அவன்' என்று எழுத வந்துவிட்டது, பார்த்தீர்களா. எழுதின பிறகுதான் கவனித்தேன்.

உங்களை மன்னித்துவிட்டேனா என்று நீங்கள் கேட்கவில்லை. நீங்கள் கேட்காதது நல்லதாகப் போயிற்று, எனக்கே தெரியவில்லை. "உனக்காக ஜெபிக்கிறேன்" என்று யாராவது சொன்னால் இப்போதும் அங்கிருந்து எழுந்து போய்விடுகிறேன். ஆனால் நீங்கள் அந்த வீட்டுப்படி ஏறியதை ஜெனிஷாவிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். இரண்டும் ஒரே ஆளைப் பற்றித்தான்.

நாங்கள் இன்னும் தூரமாகப் போகிறோம். இதுவே கடைசிக் கடிதம். இனி எழுத வேண்டாம் அக்கா. என் கடிதங்களை எரித்துவிடுங்கள். எங்கள் பெயரை ஆலயத்தில் யாரிடமும் சொல்ல வேண்டாம், சாட்சி சொல்கிற நேரத்தில்கூட. ஜெபித்தால் பெயர் சொல்லாமல் ஜெபியுங்கள்.

உத்தரவில் எங்கள் இரண்டு பேரைப் பற்றித்தான் இருக்கிறது. உங்களைப் பற்றி ஒன்றும் இல்லை. கதவைப் பூட்டிக்கொள்ளுங்கள்.

அந்த நட்சத்திரம் உங்களிடமே இருக்கட்டும்.

ஷெர்லி

*

தக்கலை,
5 ஜனவரி 2025

ஷெர்லி,

எழுத வேண்டாம் என்று நீ சொன்ன பிறகும் எழுதுகிறேன். ஜமீலாக்கா வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். "இனி இது போவாது மக்கா. எழுதணும்னா எழுது, எழுதியிட்டு அடுப்புல போடு" என்றார். அப்படித்தான் செய்யப் போகிறேன். உன் கடிதங்களையும் சேர்த்து.

போதகர் போன ஞாயிறு கேட்டார், "டீச்சர், அந்த ஷெர்லி குடும்பத்துக்கு என்ன ஆச்சு, சபைக்கு ஒரு சாட்சியாச் சொல்லலாமே" என்று. நான் எழுந்து நின்று, "தெரியாது ஐயா" என்று சொல்லி உட்கார்ந்தேன். செயலாளர் வேலையை விட்டுவிட்டேன். ஜெபக் குறிப்பை இப்போது வேறு ஒரு பெண் தொகுக்கிறாள். கெட்டிக்காரி, என்னைப் போலவே ஒன்றும் விட்டுவிடாதவள். டிசம்பர் கடைசியில் சீட்டு வாங்க வந்தபோது வெறும் தாளை மடித்துப் போட்டேன். அதில் நீயும் ஜெனிஷாவும் இருந்தீர்கள். போட்டவளுக்கும் போய்ச் சேர்ந்த இடத்துக்கும் மட்டும் அது தெரிந்தால் போதும்.

அவன் இன்னும் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறான். உத்தரவு வந்ததும் போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. கிறிஸ்துமஸ் அன்று மதிலருகில் நின்று, "ஸ்டார் கெட்டல்லியா சிஸ்டர்?" என்று கேட்டான். நான் உள்ளே போகத் திரும்பினேன். "அந்தப் பெட்டியை நான் முழுசாத் திறந்து பாத்திருக்கணும்" என்றான். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். "பரவால்ல. உங்களுக்காவ நான் ஜெபிக்கியேன்."

இன்று காலை ஆராதனை முடிந்து ஜனவரி மாத ஜெபக் குறிப்பு கொடுத்தார்கள். வழியில் நடந்துகொண்டே புரட்டினேன்.

"விண்ணப்பம் 9. எங்கள் அயலகத்தார் சகோதரி பெமிலா. கணவர் மஸ்கட்டில், மகன் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில். பள்ளித்தெருக் கடைசி வீட்டில் தனிமையாக இருக்கிறார். மாலை ஐந்தரைக்குப் பிறகு வீட்டுக்கு வரும் இவரைக் கர்த்தர் போக்கிலும் வரத்திலும் காக்கும்படி. சகோதரர் ஜான்ரோஸ்."

ஒரு வார்த்தை தப்பு இல்லை. எல்லாம் உண்மை. இரண்டு பேர் என்னைத் தாண்டிப் போகும்போது, "பாத்தீங்களா டீச்சர், எவ்வளவு நல்ல மனுஷன்" என்று சொல்லிப் போனார்கள். நான் தாளைப் பிடித்துக்கொண்டு ரோட்டிலேயே நின்றேன். அந்த வெள்ளிக்கிழமை உன் அடுக்களையில் பால் பொங்கியது எனக்கு இப்போதுதான் தெரிகிறது ஷெர்லி. உன் கடிதத்தில் படித்தபோதும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து எல்லாக் கதவையும் பூட்டினேன். பிறகு பின்கதவை மட்டும் திறந்து மதிலருகில் போய்க் கூப்பிட்டேன். தாளை நீட்டினேன். ஜமீலாக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். உள்ளே போய் மகளிடம் ஏதோ பேசிவிட்டு, மதிலைச் சுற்றிக்கொண்டு, பட்டப்பகலில், தெரு வழியாக என் முன்வாசலுக்கு வந்தார். ஆறு வருஷத்தில் முதல் தடவை. கையில் ஒரு பாயும் தலையணையும் ஓலைக் கொட்டப்பெட்டியில் சின்ன உள்ளியும். "டிஜோ வார வரைக்கும் நான் இஞ்சதான்" என்றார்.

டிஜோவிடம் பேசிவிட்டேன். வியாழக்கிழமை டிக்கெட் போட்டிருக்கிறார். நாளைக் காலையில் பக்கீர் முகம்மது என்னோடு போலீஸ் ஸ்டேஷனுக்கு வருகிறார். செப்டம்பர், ஜனவரி ஜெபக் குறிப்புகள் இரண்டையும் கொண்டுபோக வேண்டும். அங்கே இதைக் காட்டி என்ன சொல்வது என்று தெரியவில்லை. எனக்காக ஒருவர் ஜெபிக்கிறார் என்று புகார் கொடுத்தவள் நானாகத்தான் இருப்பேன்.

பயம் போகவில்லை. இதை எழுதும்போதும் அந்த ஜன்னலில் பாட்டு கேட்கிறது. அந்த அட்டையை எடுத்து உன் பெயரை அடித்துவிட்டேன். வேறு பெயர் எழுதவில்லை. கட்டங்களும் அப்படியே இருக்கட்டும்.

ஜமீலாக்கா என் வாசலில் நாற்காலி போட்டு, பக்கத்து வீட்டைப் பார்த்து உட்கார்ந்து உள்ளி உரித்துக்கொண்டிருக்கிறார். அவன் கதவைத் திறந்தால் இனி முதலில் அவரைத்தான் பார்க்க வேண்டும்.

பெமிலா